முதலில் சொன்னவளுக்குச் சொந்தம்

கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் இடையில் ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து பழகியவர்களுக்கு அந்தப் பாதையின் கழுதைகளை நன்றாகத் தெரியும். யாருக்கும் சொந்தமில்லாமல், நடுத்தெருவில் நின்றுகொண்டு, ஹோர்ன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காத கழுதைகள். சின்ன வயதில் நானும் தங்கச்சியும் அவற்றைப் பங்கு போட்டுக்கொள்வோம். முதலில் கண்டு "எனக்கு" என்று சொல்கிறவளுக்கு அந்தக் கழுதை. சொல்லிவிட்டால் முடிந்தது, மற்றவள் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எத்தாளையில் பஸ் ஏறிப் புத்தளத்தில் இறங்குவதற்குள் எனக்கு ஒரு மந்தை சேர்ந்துவிடும். அவளுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு கழுதையைப் பற்றி அவள் உம்மாவிடம் சொல்வாள். உம்மா கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். என் மந்தையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. என் தங்கச்சியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. அவளுடைய நகைக்காகவோ, புத்தளம் டவுனில் அவள் மாப்பிள்ளை கட்டிய மாடி வீட்டுக்காகவோ அல்ல. அவற்றை அவளே வைத்துக்கொள்ளட்டும். நாங்கள் இரண்டு பேருமே கதை எழுதுகிறவர்கள். முதலில் எழுதத் தொடங்கியவள் நான். பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவளும் நான். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அவளுடைய கதை வந்தால், திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் என்னிடமே வந்து, "டீச்சர், ஒங்கட தங்கச்சிட கதைய வாசிச்சீங்களா? நான் அழுதுட்டேன்" என்கிறார்கள். என் கதை வந்தால், "பேப்பர்ல ஒங்கட பேரக் கண்டேன்" என்கிறார்கள். பெயரைக் கண்டார்களாம். அதற்குக் கீழே ஒரு பக்கம் நிறைய எழுத்து இருந்ததை யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் வளர்ந்து எழுதத் தொடங்கியபோது கழுதைகளின் இடத்துக்கு மனுஷர் வந்தார்கள். ஒரே உம்மா வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சந்தில், ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள், போகிற கல்யாண வீடும் மையத்து வீடும் ஒன்றே. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை எழுதினால் ஊர் சிரிக்கும். ஆகவே பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டோம். எங்கேயாவது எழுதக்கூடியது ஒன்று கண்ணில் பட்டால், முதலில் "எனக்கு" என்று சொல்கிறவளுக்கு அது. மற்றவள் தொடக் கூடாது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடுதான். ஒரு மையத்து வீட்டில், பல வருஷமாக முகம் பார்த்துக் கதைக்காத அண்ணன் தம்பி இருவர், இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கின் ஒரே முன்காலை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார்கள். ஜன்னல் சீலைக்குப் பின்னால் பெண்களோடு நின்று அழுதுகொண்டிருந்த நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியின் பக்கம் திரும்பினேன். அவள் அதற்குள் என் விலாவில் இடித்து "எனக்கு" என்று சொல்லிவிட்டிருந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுகை ஒரு பக்கம், பிடிப்பு ஒரு பக்கம்.

அந்தச் சந்தூக்குக் காலை அவள் பிறகு கதையாக எழுதினாள். நல்ல கதை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எங்கள் இரண்டு பேருடைய வேலை செய்யும் விதத்தையும் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். நான் எழுதி வைக்கிறவள். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பியும் இரண்டு பேனையும் இருக்கும். ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது. கண்டதை, கேட்டதை, மணத்ததை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைத்தால், ஒருத்தி சொன்ன பேச்சு என் பேச்சாக மாறிவிடும். கிழவி "நாசமாப் போறவன்" என்று சொல்லியிருப்பாள். நான் வீட்டுக்கு வந்து "பாழாய்ப் போனவன்" என்று எழுதுவேன். இரண்டும் ஒன்றல்ல. என் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க இந்தக் கொப்பிகள்தான். கட்டாரிலிருந்து லீவில் வரும் என் மாப்பிள்ளை, சட்டை வைக்க இடமில்லாமல் பெட்டியைத் திறந்த மேனிக்கே வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்.

ஆனால் ஆட்களுக்கு முன்னால் கொப்பியை எடுத்தால் அவர்கள் வாயை மூடிவிடுவார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் கூடியிருந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கிழித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, நான் திரும்பத் திரும்ப எழுந்து பின்பக்கத்துக் கக்கூசுக்குப் போய் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "சீனி வருத்தம் எத்தன நாளா இருக்கு மகள்?" என்று கேட்டார். கையில் ஒரு பொட்டலம் கோவை இலையும் கொண்டுவந்திருந்தார். உம்மா அதைச் சுண்டி வைத்து என்னைத் தின்னவும் வைத்தார்.

பள்ளிவாசல்துறைக் கரைக்கு ஒரு விடுமுறையில் போனேன். தோணி வருவதையும் வலை தட்டுவதையும் எழுத வேண்டும் என்று ஆசை. கறுத்த அபாயா, கையில் கொப்பி, தோளில் பை. நான் மணலில் இறங்கினதுமே ஒருவர் ஒரு வலையைச் சுருட்டிப் படங்குக்குக் கீழே தள்ளிவிட்டார். நான் ஏதோ மீன்பிடிக் கந்தோரிலிருந்து சோதிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கேட்டதுக்கெல்லாம் "ஓம் மிஸ், இல்ல மிஸ்" என்று பதில் வந்தது. எண்ணெய்க்கு மானியம் எப்போது வரும் என்றும் கேட்டார்கள். அதையும் எழுதிக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

அதே கரைக்குத் தங்கச்சியையும் ஒரு முறை கூட்டிப்போனேன். அவள் நேரே போய்ச் சுருட்டி வைத்த வலைக் குவியலில் ஏறி இருந்துகொண்டாள். வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "தாங்க, நானும் கழட்டுறேன்" என்றாள். நண்டு அவள் விரலைக் கவ்வியது. எல்லாரும் சிரித்தார்கள். அதோடு சரி. அந்தப் பெண் தன் மாமியாரின் கதையிலிருந்து மாப்பிள்ளையின் இரண்டாம் கல்யாணக் கதை வரைக்கும் சொல்லி முடித்தார். தங்கச்சி ஒரு வரி எழுதவில்லை. அவள் எங்கேயுமே எழுதுவதில்லை. தேங்காய் துருவுவாள், வெங்காயம் உரிப்பாள், யாருடைய பிள்ளையையாவது தூக்கி வைத்துக்கொள்வாள். கை வேலையில் இருக்கும் ஒருத்திக்கு முன்னால் ஆட்கள் பயமில்லாமல் கதைப்பார்கள் போலிருக்கிறது. நானும் ஒரு முறை வெங்காயம் உரித்துப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்தவர், "வைங்க டீச்சர், ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

எழுதி வைக்காததால் அவள் பிழை விடுவாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஒரு கதையில், தென்மேற்கிலிருந்து சோளகம் அடித்துக்கொண்டிருக்கும் மாதத்தில் வாடைக் காற்றை வீச வைத்திருந்தாள். நான் அதைக் கண்டுபிடித்த அன்று என் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். உடனே போன் எடுத்துச் சொன்னேன். "அப்படியா ராத்தா? ஐயோ, நீங்க முந்தியே பாத்துச் சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தாள். வாசகர் ஒருவர்கூட அந்தப் பிழையைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாப்பிள்ளையைத் தேடி நின்ற பெண்ணைத்தான் எல்லாரும் கண்டார்கள்.

இனி வாப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

வாப்பா காலையில் களப்புக்கு மீன் பிடிக்கப் போவார், பின்னேரம் வெங்காயப் பாத்தியில் நிற்பார். அதிகம் கதைக்கமாட்டார். எங்கள் வீட்டில் மீன்தலை அவருக்குத்தான். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே நடந்து வந்தது. பாரை வாங்கினாலும் விளைமீன் பிடித்துவந்தாலும், ஆணச் சட்டியிலிருந்து தலையை உம்மா தனியாகக் கரண்டியில் ஏந்தி அவருடைய சோற்றுக் கோப்பையில் வைப்பார். வாப்பா வர நேரமானால் தலை மூடி வைக்கப்பட்டிருக்கும். உம்மா வால் பக்கத்துத் துண்டைச் சாப்பிடுவார். எங்களுக்கு நடுத்துண்டு. உம்மாவுக்குத் தலை பிடிக்குமா பிடிக்காதா என்று யாரும் கேட்டதில்லை.

வாப்பா மௌத்தானதும் உம்மா இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் உள்ளறையில், வெள்ளை உடுப்போடு. அறை வாசலில் ஒரு சீலை தொங்கியது. பெண்கள் வருவார்கள், பாணும் பழமும் வைப்பார்கள், கொஞ்சம் ஓதுவார்கள், கொஞ்சம் கதைப்பார்கள். மூத்த மகள் என்பதால் வீடு எனக்கு, ஆகவே உம்மாவோடு இருந்தவள் நான். தங்கச்சி வெள்ளிக்கிழமைகளில் புத்தளத்திலிருந்து வருவாள். அந்த மாதங்களில் நான் நிறைய எழுதினேன். கணவனை இழந்த பெண்ணின் அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஆம்பிளை எழுத்தாளர் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நினைப்பில் எனக்கு ஒரு தலைக்கனமும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி வரும்போது பாரை மீன் ஒன்று வாங்கி வந்தாள். நான் ஆணம் காய்ச்சினேன். சோறு போடும்போது என் கை பழக்கத்தில் தலையை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டது. மூடிய பிறகுதான் யாருக்காக மூடினேன் என்று உறைத்தது. உம்மாவுக்கு வால் துண்டைப் போட்டுக் கொண்டுபோனேன். உம்மா கோப்பையைப் பார்த்தார்.

"தல எங்க?"

"குசினில இருக்கு உம்மா."

"கொண்டு வா."

கொண்டுவந்து வைத்தேன். உம்மா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். பாயில் உம்மாவுக்குப் பக்கத்தில் தங்கச்சி இருந்தாள். நான் ஜன்னலோரம் இருந்தேன். இத்தனை வருஷம் அந்த வீட்டில் சமைத்த ஒரு பெண் முதன்முதலாகத் தலை சாப்பிடுகிறார். நான் தங்கச்சியைப் பார்த்து, உம்மாவுக்குக் கேட்காமல், "எனக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பதில் தேவையில்லை. முதலில் சொன்னது நான். கொப்பியை எடுத்து, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினேன். முதலில் கண்ணை எடுத்தார், பிறகு கன்னத்துச் சதை, எலும்பை உறிஞ்சினார். அதுவரை கண்டதை இப்படியே வேகமாக எழுதிக்கொண்டு போனேன். எழுதிவிட்டு நிமிர்ந்து திரும்பியதும் உம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உப்புக் கொஞ்சம் கூட."

அடடா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு அதையும் எழுதினேன். வாப்பா இருந்த காலத்தில் உம்மா எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்லை. நானும் அதே ஆணத்தைத்தான் சாப்பிட்டேன், உப்பு அளவாகவே இருந்தது. ஆகவே இது உப்பைப் பற்றிய பேச்சே இல்லை என்று முடிவு கட்டினேன். தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அதில் குறையும் சொல்கிறார் என்றால், ஒரு பெண் தன் வீட்டில் முதல்முறையாக அதிகாரம் பண்ணுகிறார். அந்த ஒரு வசனத்தில் என் கதை முழுவதும் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அதன் பிறகு மூன்று வருஷம் அந்தக் கதையை எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுதுவேன். நோன்பு லீவில் எழுதுவேன். பாரை மீனின் தலையில் எத்தனை வகை எலும்பு என்பதுவரை விசாரித்து எழுதி வைத்தேன். இத்தா இருந்த வேறு பெண்களைப் போய்ப் பார்த்து, அவர்கள் முதல் மாதம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். குறிப்பு கூடிக்கொண்டே போனது, கதை மட்டும் வரவில்லை. உம்மாவைப் போல ஒரு பெண்ணை அறைக்குள் கொண்டுவந்து, பாயில் இருத்தி, கோப்பையை முன்னால் வைத்து, "உப்புக் கொஞ்சம் கூட" என்று சொல்ல வைப்பேன். சொன்னதும் அவள் பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கும் பிள்ளை மாதிரி ஆகிவிடுவாள். கிழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவேன். வாப்பா போனபின் உம்மாவைப் பற்றி நான் எழுதப்போகும் ஒரே நல்ல கதை அதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு வேண்டும். வேறு எதையும் அவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணோடு சேர்த்துக் கடையிலிருந்து வந்த பேப்பரை விரித்தேன். தங்கச்சியின் பெயர். கீழே ஒரு வெள்ளைச் சீலை தொங்கும் வாசலின் படம். முதல் வரியிலேயே மீன்தலை இருந்தது.

நின்ற நிலையிலேயே வாசித்தேன். அவளுடைய கதையில் அறைக்குள் ஒரு பெண் மட்டும் இருக்கிறாள். மகள் கிடையாது, யாரும் கிடையாது. தலையைச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டுக்கொண்டே சத்தமில்லாமல் அழுகிறாள், கண்ணீர் சோற்றில் விழுகிறது. பிறகு, "இவ்வளவு ருசியா இருக்கும் எண்டு ஒருநாளும் சொல்லலியே" என்று இல்லாத மனுஷனிடம் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்தபோது எனக்கும் கண் கலங்கியது, அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. கண்ணீரும் பொய், அந்தப் பேச்சும் பொய். நான் அங்கே இருந்தவள். உப்பு எங்கே? அந்த அதிகாரம் எங்கே? வாசகருக்குப் பிடிக்கும் என்று கண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறாள். அதுவும் என் உம்மாவின் கண்ணில்.

போனை எடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"ராத்தா, பேப்பர் பாத்தீங்களா?"

"அத எனக்கு எண்டு நான் சொன்னது ஒனக்கு ஞாபகமில்லயா?"

"ஞாபகம் இருக்கு."

"பொறகு?"

"நீங்க எழுதலியே ராத்தா."

"எழுதாட்டி? எழுதாட்டி ஒனக்கு வந்துருமா? அப்படி ஒரு சட்டம் எப்ப போட்டோம்?"

"மூணு வருஷம் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க எழுதியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். எனக்கு அத உள்ளுக்கு வச்சுக்கிட்டு இருக்க ஏலாமப் போச்சு."

"உம்மா எங்கடி அழுதா? நான் அங்கதானே இருந்தேன். நடந்த எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ஒண்ணும் தெரியாதவ மாதிரிக் கண்ணீர ஊத்தி வச்சிருக்க."

அந்தப் பக்கம் அவளுடைய சின்னவன் எதற்கோ சிணுங்குவது கேட்டது.

"சரி ராத்தா," என்றாள் கடைசியில். "நீங்க எழுதி வச்சத நீங்க எழுதுங்க. ரெண்டு கதையும் இருக்கட்டும்."

நான் போனை வைத்துவிட்டேன். ரெண்டு கதையும் இருக்கட்டுமாம். சந்தூக்கின் ஒரு காலை இரண்டு பேர் பிடிக்கலாம் என்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி பேப்பரைக் கொண்டுவந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். இது உம்மாவின் கதைதான் என்பது ஒழுங்கைக்கே தெரிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "மெய்யாத்தான் தலையச் சாப்பிட்டு அழுதீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். உம்மாவும் சொல்லத் தொடங்கினார். கண்ணீர் வந்ததாம். சோற்றில் விழுந்ததாம். நான் குசினியில் நின்று பல்லைக் கடித்தேன். உம்மாவுக்கு வயதாகிவிட்டது. கதையில் கேட்டதையே தன் ஞாபகம் என்று நம்பிவிட்டார். என் தங்கச்சி கதையை மட்டும்தான் எடுத்தாள் என்று நினைத்திருந்தேன். உம்மாவின் தலைக்குள் போய் அங்கே இருந்ததையும் மாற்றி வைத்துவிட்டாள். இனி உலகத்தில் அந்த நாளின் உண்மை இருப்பது என் கொப்பியில் மட்டும்தான்.

ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு உம்மா கதிரையில் சாய்ந்திருந்தபோது அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

"உம்மா, நீங்க அண்டைக்கு அழல. நான் அப்பவே எழுதி வச்சிருக்கேன். கேளுங்க" என்று வாசித்தேன். கண், கன்னத்துச் சதை, எலும்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாசித்தேன். கடைசி வசனத்தைக் கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன். "உப்புக் கொஞ்சம் கூட."

உம்மா கேட்டு முடித்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. பிழை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அழுதேன் மகள்," என்றார். "நீ அங்கிட்டுத் திரும்பி எழுதிக்கிட்டு இருந்த."

"நான் நிமிந்து பாத்தேனே உம்மா."

"ஓம், நீ நிமிந்த. அதுக்கு முந்தி தங்கச்சி என்ட மூஞ்சத் தொடச்சி விட்டுட்டா. தொண்ட அடைச்சிப் போச்சு. அவதான் தண்ணி பருக்கினா. முதுகத் தடவினா. அவக்கிட்டத்தான் சொன்னேன், இம்புட்டு ருசியா இருக்கும் எண்டு அந்த மனுஷன் ஒருநாளும் சொல்லலியே எண்டு. மெல்லத்தான் சொன்னேன். ஒனக்குக் கேட்டிருக்காது."

"அப்ப உப்பு?"

"நீ திடீரெண்டு திரும்பிப் பாத்த. கையில பேனையோட. அழுத மூஞ்ச நீ காணப்போறியே எண்டு, வாயில வந்ததச் சொன்னேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்திச்சு."

உம்மா தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். உதடு அசையத் தொடங்கிவிட்டது. இதுவும் தங்கச்சியின் கதையிலிருந்து உம்மா எடுத்துக்கொண்டதுதான் என்று ஒரு வழி தேடிப் பார்த்தேன். முடியவில்லை. முகத்தைத் துடைத்தது அந்தக் கதையில் இல்லை. தண்ணீரும் இல்லை, முதுகைத் தடவிய கையும் இல்லை. அவளுடைய கதையில் அந்தப் பெண் தனியாகத்தான் இருக்கிறாள்.

போனில் அவ்வளவு ஏசியும் அவள் இதைச் சொல்லவில்லை. நான்தான் துடைத்தேன், நான்தான் தண்ணீர் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அன்றே மூடியிருக்கும். கதையிலும் தன்னை எடுத்துவிட்டு எழுதினாள். நானாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரைத்தான் முதல் வரியில் வைத்திருப்பேன். ஆசிரியர் அறையில் இப்போது யாராவது அந்தக் கதையைப் பற்றிக் கேட்டால், வாசித்தேன், நல்ல கதை என்று சொல்கிறேன். அதைச் சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை, கதையை அவள் வைத்துக்கொள்ளட்டும். என் உம்மா அழுதபோது அந்த அறையில் நானும் இருந்தேன், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன், தண்ணீர் கொடுத்தவள் அவள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.